மூன்றாம் மாடிச் சுரம்

சோவியத் ஆட்சி முடிவதற்கு முந்தைய குளிர்காலத்தில் இமாண்ட்ஸ் தன் கீபோர்டில் அழுத்திய தாழ்ந்த சுரம் ஒன்று, விரலை எடுத்த பிறகும் நிற்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தான். கீபோர்டைப் பனியில் கொண்டுபோய் வைத்தான், கடைசியில் விற்றும் விட்டான். சுரம் மட்டும் மூன்றாம் மாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த வருடம் உருளைக்கிழங்கு விலையும் ஏறியதால் லீபாயா நகரில் எங்கள் கட்டடம் அந்த விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

ரூபிள் போய் லாட்ஸ் வந்தது, லாட்ஸ் போய் யூரோ வந்தது, சுரம் போகவில்லை. கீழ்வீட்டு வெல்தாவின் பாடகர் குழு அதிலிருந்தே சுருதி எடுத்துக்கொண்டது. இமாண்ட்ஸ் எதைப் பதிவு செய்தாலும் அடியில் அது கேட்டது. வேறு வழியில்லாமல் அதன் மேலேயே இசையமைத்தான், பனி உருகுகிற வேகத்தில் நகரும் இசை. பெர்லினில் அதைத் தவம் என்றார்கள். அதில் வரும் தூரத்து மணியோசையைத் தனியாகப் பாராட்டினார்கள். எந்த மணி என்று தெரியாமலே அவன் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

அவன் மனைவி ஸைகாவுக்கு அது தவமாகத் தெரியவில்லை. பகலெல்லாம் மீன் டின் ஆலையில் இயந்திர இரைச்சல், வீட்டுக்கு வந்தால் இது. பாவம், அவள் முகம் துவைத்துப்போட்ட துணிபோல வெளுத்துவிட்டது.

"ஊர் ஊரா கைதட்டல் வாங்குறது நீ, இதோட குடித்தனம் பண்றது நான். என்னைக் கட்டிக்கிட்டியா, இதைக் கட்டிக்கிட்டியா?" என்றாள் ஒருநாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "என்ன சொன்ன?"

அவள் குல்தீகாவில் அம்மா விட்டுப்போன வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். சுரமும் அவளோடு போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர் எஞ்சின் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அது இல்லாமல் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. "ஏம்ப்பா, பொண்டாட்டியத்தான் தொலைச்ச, எங்க சுருதியையுமா?" என்று வெல்தா படிக்கட்டில் வைத்தே திட்டினாள். இமாண்ட்ஸ் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டான். முதல்முறையாக அந்த மணியோசை என்னவென்று தெரிந்தது. ஸைகா சமையலறையில் தட்டு கழுவியிருக்கிறாள், எல்லா இசைத்தட்டிலும், இத்தனை வருடமும். அவனுக்கு அழுகை வந்தது.

குல்தீகாவுக்குப் போய் அவன் தட்ட, அவள் கதவைத் திறந்தபோது அவளுக்குப் பின்னால் சுரம் கேட்டது.

"அதுக்காக வந்தியா, எனக்காக வந்தியா?"

"நீ தட்டு கழுவுற சத்தம் கேக்கணும்போல இருந்துச்சு."

அவள் களைப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நீ கழுவு. நான் கேக்குறேன்."

இன்றுவரை அங்கே அவன்தான் கழுவுகிறான். வியாழக்கிழமைகளில் வெல்தாவின் குழு பேருந்தில் போய், அந்தச் சமையலறையில் சுருதி எடுத்துக்கொண்டு, பன்றி இறைச்சி போட்ட பட்டாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறது. தட்டுகள் நிறையச் சேர்ந்துவிடுகின்றன.