முப்பது வெறும் தாள்

"எனக்கு முப்பது வெறும் தாள் வேணும் மேடம். கோடு, புள்ளி எதுவும் இருக்கக் கூடாது."

எங்கள் பள்ளித் தலைமையாசிரியை பெரிய மேடத்தின் பேனா நின்றது. மூலையில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த எழுத்தர்கூட நிமிர்ந்தார். வேலையில் சேர்ந்த அன்றே பக்கத்து வகுப்பு டீச்சர் அக்கா என்னைத் தனியே இழுத்துச் சொல்லியிருந்தாள்: "லீவு கேளு, சம்பளம்கூட ஏத்திக் கேளு. வெறும் தாள் மட்டும் கேட்டுடாதே." ஏன் என்று கேட்டதற்கு, போகப் போகத் தெரியும் என்றாள். பத்து மாதத்தில் தெரிந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுதப் பழகுவது புள்ளிப் புத்தகத்தில். பக்கம் முழுக்க எழுத்துகள், எல்லாம் புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கும். அதன் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு அம்புக்குறி கிடையாது. ஒருவன் 'இ'யைக் கீழேயிருந்து மேலே ஏற்றுவான். ஒருத்தி நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் இழுப்பாள். முடிந்தபின் பார்த்தால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கையைப் பிடித்து வழி காட்டி, புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் இது நல்ல பழக்கம்தான். இங்கே புள்ளி குறைவதே இல்லை. முதல் பக்கத்தில் இருக்கும் அதே புள்ளிதான் கடைசிப் பக்கத்திலும்.

இதற்கு மேல் ஒரு கூத்து உண்டு. பெற்றோர் வரும் நாளுக்கு முன்தினம், கோணிப்போனதை எல்லாம் அழித்துவிட்டு டீச்சர்கள் நாங்களே இழுப்போம். ஐந்து வயதுக் கைபோல லேசாக நடுங்கவும் வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் அப்பாவுக்குக் கையெழுத்து வந்ததும் இப்படித்தான். யாரோ எழுதிக் கொடுத்த பெயரின் மேலேயே ஓட்டி ஓட்டிப் பழகினார். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். தன் பெயரில் எது எந்த எழுத்து என்று இன்றும் அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு வகுப்பு முழுக்க இன்னும் முப்பது அப்பாக்களை உண்டாக்கவா படித்தேன்?

அன்று காலை பெரிய மேடம் ஒரு கடிதத்தை நீட்டியிருந்தார். வாலு முதல் வகுப்புக்குப் போகத் தகுதி இல்லை, இன்னொரு வருஷம் இதே வகுப்பில் இருக்க வேண்டும். கீழே என் கையெழுத்துக்கு இடம். வாலு என்பவள் ஒரு தையல்கார அம்மாவின் மகள். அவள் புத்தகத்தை எங்களாலும் தேற்ற முடியவில்லை. புள்ளியைத் துளியும் மதிக்காமல், பக்கத்துக்கு ஒரே எழுத்தாகப் பெரிதாக எழுதி வைத்திருப்பாள்.

"தாள் எதுக்கு?" என்றார் பெரிய மேடம்.

"எல்லாரையும் எழுதச் சொல்லலாம். அப்புறம் யார் தேறலைன்னு பேசலாம்."

"புத்தகம் இருக்கே, போதாதா?"

"புத்தகத்துல பாதி என் கைவேலை மேடம்."

எழுத்தர் இருமினார். தாள் கிடைக்கவில்லை. குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய அறிவிப்புத் தாள்களின் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் வெறுமைதானே. பெரிய மேடமும் பின்னாலேயே வந்தார்.

"'படம்'னு எழுதுங்க கண்ணுங்களா."

மூன்றே எழுத்து. பத்து மாதம் ஓட்டிய எழுத்து. பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மிஸ், இதுல எழுத்தே இல்லை."

"நீதான் எழுதணும்."

"எதுக்கு மேல?"

முதல் பெஞ்சுக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். புள்ளி வைக்க ஆரம்பித்தாள். கீழ்நோக்கி ஆறு, குறுக்கே ஐந்து. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் புள்ளிகள் ஊர் சுற்றப் போய்விட்டன. அவளைப் பார்த்துப் பக்கத்துப் பையன், அவனைப் பார்த்துப் பின் பெஞ்சு. அறை முழுக்க டொக் டொக் என்று பென்சில் முனைகள். அம்மை போட்ட மாதிரி இருபத்தொன்பது தாள்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் வால் பிடித்துக்கொண்டே அழுகையும் வந்தது.

வாலு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மேலிருந்து இறங்கி, குறுக்கே போய், ஏறி ஒரு ப. ட. ம. கொஞ்சம் யோசித்து, ம தலையில் ஒரு புள்ளி. அவள் தாளில் இருந்த ஒரே புள்ளி அதுதான். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"அம்மா துணியில கோடு போடுற சாக்பீஸ்ல தரையில எழுதுவேன் மிஸ். தப்பா இருந்தா அம்மா காலால அழிச்சிட்டு மறுபடி எழுதுன்னுவாங்க."

"எழுத்தைக் காலால அழிக்கிறாளா?" என்றார் பெரிய மேடம். அது ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது.

வெளியே வராந்தாவில் கடிதத்தை மறுபடி நீட்டினார். "நாளைக்குப் பெத்தவங்க வர்றாங்க. அவங்க பார்க்கிறது புத்தகத்தை. அந்த அசிங்கத்தைக் காட்டி மேல அனுப்ப முடியுமா? ஒரு வருஷம் உட்காரட்டும். அவ தலையெழுத்து."

"தலையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து எதுக்கு மேடம்?"

"ரொம்பப் பேசாத. உன் வீட்டுல உனக்கு முன்னாடி யாரு படிச்சிருக்கா? எழுத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிற."

"யாரும் படிக்கலை. அதனாலதான் தெரியுது."

கடிதத்தை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தில் எழுதினேன்: 'இவள் எழுதுகிறாள். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் எழுத யாரும் சொல்லித் தரவில்லை, நான் உட்பட.' அதற்குக் கீழே கையெழுத்து. திருப்பிக் கொடுத்தபோது மணி அடித்தது.

பக்கத்து வகுப்பு அக்கா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "மன்னிப்பு கேட்டுடு. இப்பவே கேட்டா முடிஞ்சிடும். எங்கடி போற?"

"வாசலுக்கு. எல்லார் வீட்டு ஆளும் நிக்கிற நேரம்."

"நாளைக்கு உள்ள விட மாட்டாங்கடி."

"நாளைக்கு யாரு வர்றா? விடுக்கா."

முப்பது தாளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். முதல் பெஞ்சுக்காரியின் அப்பா வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தார். போன மாதம் மகளின் புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு நன்றி சொன்னவர். அவரிடமிருந்தே தொடங்குவது என்று, அவள் தாளை மேலே எடுத்து வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.