மாமா பிடுங்கிய ஒயர்

அந்த வீட்டில் யார் சொன்னாலும் கேட்காத ஒரே ஆள் மாமனார்தான். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர், இனி யார் பேச்சைக் கேட்கப் போகிறார்? மூன்று வாரத்துக்கு முன் மகன், தன்னுடையது, மனைவியுடையது, அப்பாவுடையது என்று வீட்டிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று இணைத்து, "இனிமே ஒண்ணுல இருக்கிறது மூணுலயும் இருக்கும், பயமே இல்ல" என்று மார்தட்டினான். மறுநாள் காலை அப்பாவின் திரையில் கொட்டை கொட்டையாக இருந்த எழுத்தெல்லாம் எறும்பளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மகனுடைய செட்டிங் அப்படியே அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டது.

"டிரைவர் சீட்டையும் கண்ணாடியையும் இன்னொருத்தன் தொடக் கூடாதுடா" என்று ஒயரைப் பிடுங்கிப் போட்டார் மாமனார். அன்றோடு அவர் குரலும் அடங்கிப்போனது. அதுவரை மணிக்கு நாலு தரம் "அம்மா, கொஞ்சம் வர்றியா" என்று மருமகளைக் கூப்பிட்ட மனுஷர், ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. தப்பு செய்தது மகன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்னிடமா என்று அவளுக்கு மனசு சுருக்கென்றது.

மருமகளின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. எங்கோ மேடையில் ஒருவர் பேசப் பேச, காது கேளாதவர்கள் படிப்பதற்காக இவள் வீட்டிலிருந்தே அதை எழுத்தாகத் திரையில் ஓடவிட வேண்டும். வாய் ஓடுகிற வேகத்துக்கு விரல் ஓடுமா? அதனால் ஒன்பது வருஷமாகச் சுருக்கங்கள் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமே வந்து நிற்கும். அப்படி நாலாயிரம்.

இன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு கல்லூரியில் பட்டமளிப்பு விழா. முதலிடம் வாங்கிய பெண் பேசுகிறாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. பெற்ற மகள் பேசுவதை அவர்கள் இவள் விரலால்தான் கேட்க வேண்டும்.

எட்டரைக்கு உட்கார்ந்து இரண்டு எழுத்தைத் தட்டினாள். அது இரண்டு எழுத்தாகவே நின்றது. சுருக்கப் பட்டியலைத் திறந்தால் கழுவிக் கவிழ்த்த மாதிரி காலியாக இருந்தது.

"நேத்து சாயங்காலம் என் புதுக் கம்ப்யூட்டரையும் சேத்து விட்டேன்" என்றான் கணவன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அது காலியா இருந்துச்சா, மத்ததையும் தன்னை மாதிரியே ஆக்கிடுச்சு போல."

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னீங்களே?"

"எல்லாத்துலயும் சேந்தே போச்சு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அரங்கமே கேட்டுட்டு இருக்கும். அந்த ரெண்டு பேருக்கு மட்டும் நான் பாதிப் பாதியா எழுதிட்டு உக்காந்திருப்பேன்."

வாசல்படியில் செருமல் கேட்டது. மாமனார்.

"ஸ்டெப்னியையும் நாலு சக்கரத்தோட சேத்து ரோட்டுல உருள விட்டா, அப்புறம் அது ஸ்டெப்னியாடா?" என்றார் மகனிடம். "ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க."

அவர் அறையில் ஒயர் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது. மகன் பழக்கதோஷத்தில் அதை எடுத்து மாட்டப் போனான். மாமனார் அவன் புறங்கையில் ஒன்று போட்டார்.

"அதை மாட்டினா இதுவும் காலி. பென் டிரைவை எடுத்துட்டு வா."

மகன் ஓடினான். மாமனார் பட்டியலைத் திறந்தார். நாலாயிரமும் இருந்தது, கொட்டை கொட்டையான எழுத்தில். அதிகம் பயன்பட்டது மேலே வருகிற மாதிரி அடுக்கியிருந்ததால் முதல் வரி பளிச்சென்று தெரிந்தது. மா5: "மாமா கூப்பிடுகிறார், ஐந்து நிமிடத்தில் வருகிறேன்." பக்கத்திலேயே, இதுவரை 1,412 முறை.

கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் தினமும் அனுப்புவது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மாமா, அது வந்து..."

"எழுத்தைப் பெருசாக்க எங்கெங்கயோ தேடினப்போ கண்ணுல பட்டுச்சும்மா. முத ஆளா நானே நிக்கிறேன். தொட்டதுக்கெல்லாம் ஹாரன் அடிச்சிருக்கேன்னு அப்பதான் உறைச்சுது. இப்பல்லாம் கண்ணாடியை நானே தேடிக்கிறேன். பாதி நாள் மூக்குமேலதான் இருக்கு."

"அப்ப எம்மேல கோபம் இல்லையா?"

"உம்மேல எதுக்கும்மா கோபம்?"

மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அழ வேண்டிய காலையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மகன் மற்ற ஒயர்களையும் கழற்றிவிட்டு, பென் டிரைவில் எடுத்த பட்டியலை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பத்து மணி. நேரலையில் தெரிந்த மேடையில் அந்தப் பெண் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டுல நான்தான் காது. இன்னிக்கு எனக்கு லீவு. அப்பா, அம்மா, நீங்களே கேட்டுக்கோங்க." மருமகளின் விரல்கள் பறந்தன. அரங்கம் சிரித்த அரை நொடியில் முன்வரிசையில் இருந்த அந்த இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

விழா முடிந்ததும் வேலைக் குழுவில் பாராட்டு குவிந்தது. சூட்டோடு சூடாக அடுத்த விழாவைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, கொஞ்சம் வர்றியா?" உடனே பதறிக்கொண்டு, "வேணாம் வேணாம், நீ வேலையைப் பாரு. அந்தப் பொண்ணு பேசினதை நானும் படிச்சேன், அதைச் சொல்லலாம்னுதான்."

அவள் மா5 தட்டினாள். வாக்கியம் வந்து நின்றது. அதில் ஐந்து நிமிடத்தை அழித்து ஒரு மணி நேரம் என்று மாற்றி அனுப்பிவிட்டு, எழுந்து போனாள்.