நெற்றியிலிருந்து இறங்கிய தோல்

அப்பாவின் மூக்கில், கண்ணாடி உட்காரும் இடத்தில், சிறு புண் ஒன்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். அப்பா கண்ணாடிக் கடைக்காரர். பிரேமின் மேல் பழி போட்டார். மூக்கில் பதியும் பேடை மாற்றினார். சிலிக்கான் போட்டார், பிறகு பெரிய பேடு, பிறகு கம்பியை வளைத்தார். புண் ஆறுவதும் பொருக்கு உதிர்ந்து மறுபடி வருவதுமாக ஒன்றரை வருடம் ஓடியது. உயிரியல் படித்த நானும் பேடுதான் காரணம் என்று நம்பினேன்.

தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அம்மா சொன்னாள்: "ஊர்ல இருக்கிற மூக்குக்கெல்லாம் அளவு பார்த்தீங்க. சொந்த மூக்கை விட்டுட்டீங்க."

புற்றை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மூக்கின் ஓரம் பள்ளமானது. டாக்டர் நெற்றியில் நீளமாக ஒரு தோல் துண்டைக் கிளப்பி, புருவத்தருகே மட்டும் அறுக்காமல் விட்டு, திருப்பி இறக்கிப் பள்ளத்தின் மேல் தைத்தார். புருவத்திலிருந்து மூக்குக்கு விரல் பருமனில் ஒரு பாலம். மூன்று வாரம் அதன் வழியாகத்தான் ரத்தம் போகும். அதன்பின் பாலத்தை வெட்டிவிடலாம்.

"அதுவரைக்கும் அது மேல எதுவும் அழுத்தக் கூடாது. கண்ணாடி போடவே கூடாது. ரத்தம் நின்னா தோல் செத்துடும். இன்னொரு தடவை எடுக்கிறது லேசில்லை" என்றார் டாக்டர்.

அப்பாவின் பவர் மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவர் முகமே தெரியாது.

"நல்லதாப் போச்சு. மூணு வாரம் நான் அழகா இருப்பேன்" என்றாள் அம்மா.

ஏழாம் நாள் பிற்பகல், அப்பாவுக்குப் பதிலாகக் கடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேடு இரண்டையும் கழற்றிய கண்ணாடியைத் தொப்பி விளிம்பில் நூலால் கட்டி, முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார்.

"படவே இல்லைம்மா, பாரு. முப்பது வருஷ வேலை!"

தொப்பி சரிந்திருந்தது. கண்ணாடியின் நடுக்கம்பி பாலத்தின் மேல் அழுந்திக் கிடந்தது. கழற்றினேன். மூக்கில் தைத்த தோல் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"பத்து நிமிஷம்" என்றார் அப்பா.

எனக்கு வெளியாட்கள் முன்னால் குரல் எழும்பாது. ஆனாலும், "நாலு பக்கம் படிச்சிருந்தார், டாக்டர். ஒரு மணி நேரமாவது இருக்கும்" என்றேன்.

டாக்டர் ஊசியைப் பிரித்தார். குத்தினால் நல்ல சிவப்பாக ரத்தம் வரவேண்டும் என்றார். புதுத் தோலில் குத்தினார். ஒன்றும் வரவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன் டாக்டர், நெத்தியில போய் குத்துறீங்க?" என்றார் அப்பா.

டாக்டர் முகத்தில் லேசான சிரிப்பு. தோல் இடம் மாறியது அதன் நரம்புக்கு இன்னும் தெரியவில்லை. நெற்றி என்றே சேதி அனுப்புகிறது. வலி மட்டும் போதாது, ரத்தம் வேண்டும். காத்திருந்தோம். ஒரு துளி வந்தது, கறுப்பாக. டாக்டர் துடைத்தார். இன்னொரு துளி. அதையும் துடைத்தார்.

"என்ன கலர்ல வருது?" அப்பா கேட்டது என்னை, திரும்பியது அம்மாவின் பக்கம்.

மூன்றாவது துளி நிறம் மாறித் திரள்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"சிவப்புப்பா."