சுண்ணாம்புக் கோட்டில் நின்றவர்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தைப் பார்த்ததால் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1963-இல் மெட்ராஸ் முதல் டிவிஷன் கால்பந்துக் கோப்பையை வென்ற ஒரு கம்பெனி அணியின் படம். மண்ணரை என்ற ஊரில் மயிலாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. பத்துப் பேர் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் இரண்டு பூட்ஸையும் கோட்டின் மேலேயே வைத்து நிற்கிறார். அவர்தான் கன்னையன், மயிலாளின் கணவர். எந்த லீகிலும் பெயர் இல்லாத சலவைப்பட்டறை அணியிலிருந்து போனவர்.

ஏன் கோட்டின் மேல் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"நிக்கோணும்னு தோணுச்சுங்க, நின்னேன்," என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டும். (கதைக்குள் அவரை 'அவன்' என்றுதான் எழுத வருகிறது. மன்னிப்பாராக.)

2

முதல் தொடக்கம்: நொய்யல் கரையில் செவ்வானம் மெல்ல…

(அடித்துவிட்டேன். பட்டறையில் பத்து மணி நேரம் நின்றவன் வானத்தையா பார்ப்பான்?)

இரண்டாவது: கன்னையன் பிறவியிலேயே ஒரு…

(பொய். பிறவியிலேயே யாருக்கும் பந்து வராது.)

மூன்றாவது நிற்கிறது. 1958. வெளுத்த பனியன் துணியைப் பட்டறைக்குப் பின்னாலிருந்த வெளியில் நீளநீளமாக விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஆடுவதற்கு வேறு இடம் கிடையாது. துணிக்கும் துணிக்கும் நடுவே இரண்டு முழச் சந்து, ஆட்டமெல்லாம் அதற்குள்தான். பந்தோ காலோ துணியில் பட்டால், பட்டவன் அதை மறுபடி அலச வேண்டும். துணிக்குக் காவல் மயிலாள். கட்டிய புருஷன் என்றும் பார்க்க மாட்டாள்.

"ஏனுங்க, கண்ணெ எங்கெ வெச்சிருந்தீங்க? எடுங்க, அலசுங்க!"

முதல் வருஷம் அலசி அலசியே கன்னையனுக்குக் கை வெந்தது. இரண்டாம் வருஷம் பந்து அவன் காலை விட்டுப் பிரியவில்லை. மூன்றாம் வருஷம் அவன் ஒரு துணியும் அலசவில்லை.*

* இரண்டு முழச் சந்தில் பந்தாட முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆடினார்கள், ஐயா. வேறு வழி இருந்தால் அவர்கள் ஏன் அங்கே ஆடுகிறார்கள்?

3

சேவூரில் நடந்த ஒரு போட்டியில் அவனைப் பார்த்த மெட்ராஸ்காரர் ஒருவர் தன் கம்பெனி அணியின் தேர்வு ஆட்டத்துக்கு வரச் சொன்னார். போனால் திரும்பி வந்து நிற்க இடமிருக்காது என்றார் பட்டறை மேஸ்திரி. "செரிங்க," என்று சொல்லிவிட்டுக் கன்னையன் ரயிலேறினான். (மேஸ்திரியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆள் போதாமல் தவிக்கிற மனுஷர், வேறென்ன சொல்வார்?)

மெட்ராஸில் பச்சைப் புல். அதில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கோடுகள். கன்னையன் பந்தோடு பறந்தான். இரண்டு பேரை ஏமாற்றினான். கோலுக்கு முன்னாலிருந்த கோட்டுக்கு வந்ததும் கால் தானாக நின்றது. வெள்ளையை மிதிக்கக் கால் துணியவில்லை. பந்து பறிபோனது. அடுத்த முறை கோட்டைத் தாண்டிக் குதித்தான், பந்து பின்தங்கியது. மூன்றாம் முறை எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏம்ப்பா, கோட்டுல கரண்டா ஓடுது?" என்றார் தேர்வாளர்.

கன்னையனுக்கு அழுகை முட்டியது. அங்கே வேலை போயிற்று, இங்கே இடமும் போகப் பார்த்தது. இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போக, அவன் கோட்டருகே போய் நின்றான். ரயிலடியில் மயிலாள் சொன்னது நினைவுக்கு வந்தது.

(இங்கே எனக்கே சந்தேகம். இப்படி ஆகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளையே கேட்டேன். "வேட்டி காயறதப் பாத்தாலே அவரு காலு ஒதுங்குமுங்க. பழக்கி உட்டவ நாந்தானுங்க, எனக்குத் தெரியாதுங்களா?")

அவள் சொன்னது இதுதான்: "அங்கெ நம்ம துணி இல்லீங்க. எது வெள்ளையாக் கெடந்தாலும் மிதிச்சுப் போடுங்க. அலசச் சொல்ல நான் அங்கெ இருக்க மாட்டேன்."

கன்னையன் இரண்டு கால்களையும் கோட்டின் மேல் வைத்தான். வெறுங்காலில் சுண்ணாம்பு ஒட்டியது. தேய்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தேய்த்தான்.

4

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவன் மூன்று கோல் போடுகிறான். எனக்கே நம்பிக்கை வராமல் கிழித்தேன். இன்னொன்றில் ஒரு கோலும் இல்லை, ஆனாலும் தேர்வாளர் மனமிரங்கி…

(இரக்கத்தில் கிடைத்த இடம் கன்னையனுக்கு வேண்டாம்.)

மூன்றாவது பாதியில் நிற்கிறது. விசில் ஊதியாயிற்று. பந்து கன்னையன் காலில். ஒருவனைத் தாண்டிவிட்டான். எதிரே கோல்கீப்பர், நடுவே வெள்ளைக் கோடு. இந்த முறை அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. காலை நீட்டி

அவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. இந்த ஓர் அடியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. எனக்கும் அவன் வியாதிதான். வெள்ளையைக் கண்டால் கை நின்றுவிடுகிறது. கீழே உங்களுக்காகக் கொஞ்சம் வெள்ளைத் தாள் விட்டிருக்கிறேன். அலசச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

மிதியுங்கள்.