ஹாக்ஸ்டன் மேட்டில் மழை

காலையிலிருந்தே மழை. ஹாக்ஸ்டன் மேட்டின் அடிவாரத்தில் நின்ற பந்தயக்காரர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்க, மேவிஸ் ஆக்டனுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். அதை முகத்தில் காட்டாமல் பன்றிக்கறி ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள்.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. போர்க்காலத்தில் தொழிற்சாலையில் பல்சக்கரம் வெட்டக் கற்றவள். அவளும் தம்பி லெனார்டும் ஷ்ரூஸ்பரி நகரத்தில் தங்கள் பட்டறையில் இரண்டு வருடம் பாடுபட்டு அந்தக் காரைக் கட்டியிருந்தார்கள். மற்ற பந்தயக் கார்களில் பின் சக்கரம் இரண்டுதான் தள்ளும். இதில் நான்குமே வேலை செய்யும். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் ஒவ்வொரு பல்லும் அவள் கையால் வெட்டியது.

ஆனால் கார் கனம். 1964-ஆம் வருடக் கோடை முழுக்க, காய்ந்த சாலையில் எந்த மேட்டிலும் அது கடைசி ஐந்து இடங்களைத் தாண்டவில்லை.

"என்ன மேவிஸ், உங்க டிராக்டர் உழவு முடிஞ்சுதா?" என்றார் மேஜர் ஃபென்விக், குடைக்குள்ளிருந்து. மூன்று வருடமாக அந்த மேட்டின் சாம்பியன். "ரெண்டு சக்கரம் போதும்னு கடவுளே முடிவு பண்ணிட்டாரு. நீங்க என்னமோ நாலையும் ஓட்டுறீங்க."

"கடவுள் குதிரைக்கு நாலு காலையும்தானே ஓட்டக் கொடுத்தாரு, மேஜர்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஜரும் சிரித்துவைத்தார்.

மேடேறும் பந்தயத்தில் ஒவ்வொரு காரும் தனியாகத்தான் ஏறும், கடிகாரம்தான் எதிரி. ஆளுக்கு இரண்டு தடவை. முதல் சுற்றில் மேஜரின் கார் ஈரத்தில் வால் ஆட்டி ஆட்டி ஏறியும் நாற்பத்து நான்கரை வினாடி. அதுவரை அதற்குப் பக்கத்தில்கூட வேறு யாரும் வரவில்லை. லெனார்டுக்கு நாற்பத்தாறு.

லெனார்டு தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் எறிந்தான். "முடியலக்கா. வளைவுல கார் மூக்கு வெளிய ஓடுது. பயத்துல ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துடறேன்."

"எடுக்காதேன்னுதானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? மிதிச்சா முன்சக்கரமே உள்ள இழுத்துக்கும்டா."

"தெரியுது. ஆனா பதினஞ்சு வருஷப் பழக்கம், கால் கேக்கமாட்டேங்குது." அவன் புல்லில் கிடந்த தலைக்கவசத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். "மணல் குழியில இதை ஓட்டி ஒத்திகை பார்த்ததெல்லாம் நீதான். உன் பேரும் கொடுத்திருக்கோம். உன் ரெண்டு ஓட்டம் அப்படியே இருக்கு. நீ ஏறு."

ஒரே காரை இருவர் ஓட்ட அங்கே அனுமதி உண்டு. விதி இடம் கொடுக்கிறதே என்று அவள் பெயரையும் எழுதிவைத்தார்களே தவிர, ஓட்டுவாள் என்று அவளே நினைத்ததில்லை.

முதல் ஓட்டத்தில் அவளுக்கு நாற்பத்தைந்து. கால் மிதியை விடவில்லை. "கார்ல இன்னும் வேகம் இருக்கு," என்றாள் தம்பியிடம். "பாதிதான் கேட்டேன், கொடுத்துது."

இரண்டாம் சுற்றில் மேஜர் தன் நேரத்தில் கால் வினாடி குறைத்தார். மழை வலுத்தது. கடைசி எண் அவளுடையது.

கொடி அசைந்ததும் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. சறுக்கல் இல்லை, முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. ஓக் மரத்து வளைவில் மூக்கு வெளியே நழுவியது. வேலி முகத்துக்கு நேரே வந்தது. அவள் மிதித்தாள். முன்சக்கரங்கள் தாரைக் கவ்வி, காரை வளைவுக்குள் இழுத்துப்போட்டன. மேவிஸ் வாய்விட்டுக் கத்தினாள், என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அடுத்த வளைவையும் அப்படியே எடுத்தாள். அதன் பிறகு பயம் போன இடம் தெரியவில்லை.

மேலே நிறுத்தி இறங்கியபோது ஒலிபெருக்கி கரகரத்தது. "மிஸ் ஆக்டன்... நாற்பத்திரண்டு புள்ளி ஒன்பது." அறிவிப்பாளர் நிறுத்தி, நேரத்தை மறுபடி சரிபார்த்துச் சொன்னார். "ஆமாம், நாற்பத்திரண்டு புள்ளி ஒன்பது. இன்றைய மிக வேகமான ஏற்றம்!"

லெனார்டு சேற்றில் விழுந்து எழுந்து மேடு முழுக்க ஓடியே வந்தான். மூச்சு வாங்க, பேச்சு வராமல் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

"இறக்குடா, மடையா!" என்றாள். இறங்க மனமில்லை.

அவன் பின்னாலேயே மேஜரும் நனைந்தபடி வந்தார். குடையைக் கீழேயே விட்டுவிட்டார் போலும். காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் எட்டிப்பார்த்தார்.

"மேவிஸ், எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா? விலை நீங்க சொல்றதுதான்."

"அடுத்த வருஷம் வரிசையில நில்லுங்க, மேஜர்," என்றாள் மேவிஸ். "இந்தப் பருவத்துல இன்னும் ரெண்டு மேடு பாக்கி இருக்கு. அதை நானே ஓட்டப்போறேன்."