மக்காச்சோள டப்பா

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் காமாக்ஷியும் அவள் புருஷன் சேனாபதியும் நடத்துகிற இட்லி மாவு யூனிட்டுக்கு பக்கத்து ஊரான ஐசலினில் இருக்கிற இந்தியக் கடை ஒன்றுதான் உயிர். அங்கே மாவு எடுக்கவில்லையென்றால் கிரைண்டருக்கு வேலை கிடையாது. அவ்வளவுதான் பிழைப்பு.

காலேஜில் சுற்றுச்சூழல் படிக்கிற மகள் தீக்ஷா, பிளாஸ்டிக் டப்பாவை விட்டொழிக்கச் சொன்னாள். மக்காச்சோளத்திலிருந்து செய்த டப்பா, மண்ணோடு மண்ணாகிவிடும் என்று சாம்பிள் கொண்டுவந்தாள். சேனாபதி இழுத்தார். பெண் சொல்வது நியாயம்தானே என்று காமாக்ஷிதான் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தாள். மாவு ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தார்கள், கல்லு மாதிரி நின்றது. கடைக்காரர் ஸ்ரீநிவாசனுக்கும் பரம திருப்தி.

ஜனவரி வந்தது. அந்தக் குளிரில் மாவு எங்கே பொங்கும்? நம் ஜனம் ஓவனைக் கொஞ்சம் சூடுபண்ணி, அணைத்துவிட்டு, மாவை உள்ளே வைக்கும். காமாக்ஷியும் வருஷக்கணக்காக அதைத்தான் செய்கிறாள், எவர்சில்வர் பாத்திரத்தில். வாங்கினவர்களுக்கு என்ன அவசரமோ, டப்பாவோடு வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் இத்தனை நாள் தாங்கியது. இது குழைந்து, அடி விட்டு, மாவு ஓவன் முழுக்க வழிந்து காய்ந்தது. ஒரு வீட்டிலா, இரண்டு வீட்டிலா! வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ மேல் போட்டோ. வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் தனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று காமாக்ஷி தலையில் அடித்துக்கொண்டாள்.

பழைய டப்பாவுக்கே மாறிவிடுகிறோம் என்று சேனாபதி கெஞ்சினார். ஸ்ரீநிவாசன் நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. வேறொரு கம்பெனி மாவை அடுக்கியாகிவிட்டது, உங்கள் பெயரை இனி யாரும் தொடமாட்டார்கள் என்றார்.

யூனிட்டைக் காலி பண்ணின அன்று மூட்டை மூட்டையாக வெற்று டப்பாக்கள். சேனாபதி வாயே திறக்காமல் குப்பைத் தொட்டிக்குச் சுமந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது காமாக்ஷிக்கு.

"இதெல்லாம் எங்கடி போய் மக்கும்?" என்று மகளைக் கேட்டாள்.

தீக்ஷா போனில் தேடித் தேடிப் பார்த்தாள். வெறும் மண்ணில் இது மக்காதாம், சூடு வைத்து மக்கவைக்கிற ஆலை வேண்டுமாம்; இந்த மாதிரி டப்பாவை வாங்கிக்கொள்கிற ஆலை பக்கத்தில் எங்கும் இல்லை.

"குப்பையைப் புதைக்கிற லேண்ட்ஃபில்லுக்குத்தான், அம்மா. ஐ டிட்ன்ட் செக்."

"அப்போ பழைய டப்பாவும் அங்கதானே போயிருக்கும்?"

தீக்ஷா அழுதாள். காமாக்ஷி குனிந்து அடுத்த மூட்டையைப் பிடித்தாள். மூட்டையின் அந்தப் பக்கத்தைப் பிடி என்றாள்.