தொண்டையில் துரு

வெள்ளிக்கிழமை தோறும் சல்லடை அனுப்பும் மின்மடலுக்காகக் காத்திருந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வெறிபிடித்தவர்கள். பெயர் வெளியே தெரியாத பாடகர்களை எங்கெங்கோ தோண்டியெடுத்து, ஆளுக்கு ஒன்றிரண்டு வரி எழுதி, பாட்டின் சுட்டியையும் ஒட்டி அனுப்புவார். சலித்துச் சலித்து எடுப்பதால் சல்லடை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் கேட்டுவிட்ட பாட்டை எச்சில் பாட்டு என்பார். பகலில் அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்தில் அடிபட்டதாகச் சொல்லி வருபவர்களை எதிரே உட்காரவைத்து, உண்மையிலேயே வலிக்கிறதா, நடிப்பா என்று முடிவு செய்ய வேண்டும். பாட்டையும் அவர் அப்படித்தான் கேட்டார்.

சேர்ந்து பாட்டுப் போடும் ஓர் அக்கா, தம்பியில் அக்காவைப் பற்றி அவர் எழுதியது இது: "இந்தப் பெண்ணின் தொண்டையில் துரு இருக்கிறது. தயவுசெய்து யாரும் எண்ணெய் விட்டுவிடாதீர்கள்."

தம்பி அதைப் படச்சட்டக் கடையில், கண்ணாடி அறுக்கும் மேசைமேல் குனிந்தபடி படித்தான். அன்று அவன் அறுத்ததெல்லாம் கோணல். "கையை இங்க விட்டுட்டுக் கண்ணு எங்கய்யா போச்சு?" என்றார் முதலாளி.

அக்கா எழுதிப் பாடுவாள், தம்பி கிதார் வாசிப்பான். எல்லாம் ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுகள். கடைசி பஸ்ஸை விட்டவள், சம்பளத்தன்று காணாமல்போகும் புருஷன், காயவே காயாத போர்வை. பல வருஷம் காபிக்கடை மூலையில் உட்கார்ந்து வாசித்தார்கள். அப்போது அக்காவின் குரல் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அவள் பாடப் பாட, காபி குடிப்பவர்கள் பில் கேட்பார்கள்.

போன வருஷம்தான் குரல் கரகரக்கத் தொடங்கியது. அக்காவுக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்கும். போர்வைப் பாட்டைப் பதிவு செய்தபோது, மேலே ஏறும் இடத்தில் சத்தம் வராமல் வெறும் காற்று மட்டும் வந்தது. "அழிச்சிடுடா, நாராசமா இருக்கு" என்றாள் அக்கா. தம்பி அழிக்காமல் இணையத்தில் ஏற்றினான். சல்லடை பிடித்துக்கொண்டது அந்தக் காற்றைத்தான்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் முழுத் தட்டுக்கு ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் பதிவு என்றது. அதற்குள் தொண்டையை ஒரு தடவை காட்டிவிடலாம் என்று அக்கா டாக்டரிடம் போய்வந்தாள். சலவைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; அதனால் தம்பியின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

மருத்துவமனையிலிருந்து நர்ஸ் பேசினாள். "குரல் நாண்ல சின்னதா ஒரு கட்டி இருக்குங்க. இப்பவே எடுத்துட்டா பயமில்ல. தள்ளிப்போடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னாரு. வர்ற வாரமே வந்துடுங்க. அதுவரைக்கும் பாட வேணாம்."

"எடுத்தா குரல் என்ன ஆகும்?"

"கவலையே வேணாம். அப்படியே பழையபடி ஆயிடும்."

பழையபடி. பில் கேட்டு எழுந்த காபிக்கடை முகங்கள் தம்பிக்கு நினைவு வந்தன.

நேராகச் சல்லடையின் அலுவலகத்துக்குப் போனான். அவர் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்தது கவலை இல்லை, திருப்தி.

"கட்டியா? பாத்தீங்களா. நடிப்பு இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"பதிவுக்கு முன்னாடி எடுக்கணுமாம் சார்."

"நான் டாக்டர் இல்ல தம்பி. எடுன்னும் சொல்லல, எடுக்காதன்னும் சொல்லல." ரொட்டியை வாயில் போட்டு மென்றார். "துருவச் சுரண்டிட்டா மிச்சம் என்ன? கரண்டி. கரண்டி எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு."

அன்று மாலை அக்கா வேலையிலிருந்து வந்து, நீராவியில் வெந்த விரல்களை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போன் வந்துச்சா? என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம்க்கா. வெந்நீர் குடிக்கச் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, அக்கா கேட்காததையும் சொன்னான். "பாடப் பாடச் சரியாயிடுமாம்."

"அப்பாடா. நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்டா. உனக்குத் தட்டு வரணும்னு சொல்லி நான் பாட்டுக்குச் செத்துகித்து வெச்சா?"

"வாயக் கழுவு."

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு பாதியில் இருமலானது.

மருத்துவமனையிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். வெளியூரில் இருக்கிறாள் என்றான். பிறகு அந்த எண் வந்தாலே எடுப்பதை விட்டுவிட்டான்.

பதிவறைக்கு அக்கா பிளாஸ்க் நிறைய வெந்நீர் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கண் கலங்கிக் கட்டைவிரலை உயர்த்தினார். கடைசிப் பாட்டின் கடைசி வரியில் அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிளாஸ்கைக் காட்டி என்னவோ கேட்க முயன்றாள். அதற்கும் வரவில்லை.

டாக்டர் கோபப்பட்டார். "எத்தன தடவ கூப்பிட்டோம். வெளியூர்னு சொன்னீங்களாமே? இப்ப வெறும் கட்டியோட போகாதும்மா. நெறைய எடுக்க வேண்டியிருக்கும்."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரில் மாட்டியிருந்த காது படத்தைப் பார்த்தான். சட்டம் சரியாகப் பொருந்தாத படம்.

நிறையவே எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு. பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் கிசுகிசுத்தாள், சலவைக்கூடத்துத் தோழிகளிடம் கிசுகிசுத்தாள். தம்பியிடம் மட்டும் பேசவில்லை. யாராவது விசாரித்தால் அவன், "இன்னும் பேச்சு வரல" என்றான்.

தட்டு வெளிவந்த வெள்ளிக்கிழமை சல்லடை எழுதினார்: "இவர் இனி பாடப்போவதில்லை என்பதே இந்தத் தட்டுக்கு ஒரு முழுமையைத் தருகிறது." அவர் மடல் வரலாற்றில் அவ்வளவு பேர் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை.

வெளியீட்டை ஓர் இசைத்தட்டுக் கடையில் வைத்திருந்தார்கள். அக்கா வரமாட்டாள் என்றுதான் தம்பி நினைத்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நின்றாள். சல்லடை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பற்றினார்.

"உங்க மடலால வந்த கூட்டம்" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

சல்லடை அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க." கண்ணை மூடிக்கொண்டு காதை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் திரும்பச் சொன்னாள்.

"தம்பி, இதக் கேட்டீங்களா? இந்த மாதிரி நான் எங்கயும் கேட்டதில்ல. ஒரு முழுத் தட்டு, இந்தக் கிசுகிசுப்புல மட்டும். பாட்டுகூட வேணாம், சும்மா சொன்னா போதும்."

தம்பி வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் மனசு முந்திக்கொண்டது. தந்திகளைத் தளர்த்தி இரண்டு சுரம் கீழே இறக்க வேண்டும். நகம் படக்கூடாது, விரல்நுனி மட்டும். கால்சட்டைப் பைக்குள் இருந்த அவன் விரல்கள் தாமாக அசையத் தொடங்கின.

அக்கா அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு சல்லடையிடம் குனிந்து, தம்பிக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அவனையே கேளுங்க. என் தொண்டை விஷயமெல்லாம் அவன்தான் முடிவு பண்ணுவான்."

நல்ல வேடிக்கையைக் கேட்டவர்போலச் சல்லடை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம்பியின் தோளில் கைபோட்டார்.

"அப்ப, எப்ப வெச்சுக்கலாம் தம்பி?"